விருந்தேற்க ஒரு வீடு

விருந்து என்னும் சொல் பழந்தமிழில் புதுமை என்னும் பொருளைத் தந்தது. புதிதாகத் தொடுக்கப்படும் செய்யுள் வகைக்கு விருந்து என்றே தொல்காப்பியம் பெயரிடுகிறது. பின்னர், முன்பின் அறியாத புதியவராய் வாயிலில் வந்து நிற்பவரையும், அவருக்குப் படைக்கப்படும் உணவையும் அச்சொல் குறிக்கலாயிற்று. உறவினர் வருவதும் மகிழ்ச்சியே. ஆயினும் முகமறியாதார் வரவே விருந்தின் முதற்பொருள் என்பது கருதத்தக்கது. திருவள்ளுவர் இவ்வறத்திற்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை இல்லறவியலில் ஐந்தாம் அதிகாரமாக அமைத்தார். ஈகை செய்யக் கைப்பொருள் போதும். விருந்தோம்பவோ ஓர் இல்லம் வேண்டும். வாயில், அடுப்பு, வந்தவர் படுத்துறங்க ஒரு மூலை ஆகிய மூன்றும் இல்லாதார் இவ்வறத்தைச் செய்வது அரிது.

அங்ஙனமாயின், கடல் கடந்து வந்து, பிறர் கட்டிய கூரையின்கீழ் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த மக்கள் இவ்வறத்தை எவ்வாறு காத்தனர்? மலேசியத் தமிழர் வரலாற்றில் இவ்வினா பெரிதும் எழுப்பப்படவில்லை. கூலி, கல்வி, குடியுரிமை ஆகியவற்றின் வரலாறு எழுதப்பட்டுள்ளது. தன் வீட்டிற்குத் தன் விருப்பப்படி ஒருவரை அழைத்து அமரச் செய்யும் உரிமையின் வரலாறும் அவற்றோடு ஒக்க எண்ணத்தக்கதே. அவ்வரலாற்றைக் கிள்ளான் பள்ளத்தாக்கை நிலைக்களனாகக் கொண்டு காண்போம்.

பத்துமலைக்கு வந்த புதியவர்

கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் சுண்ணாம்புக் குன்றே பத்துமலை. அதன் குகைகளைத் தெமுவான் பூர்வகுடியினர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1878 ஆம் ஆண்டு வில்லியம் ஹார்னடே என்னும் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் விலங்குகளைச் சேகரிக்கும் பணியில் சிலாங்கூருக்கு வந்தார். அப்போது சிலாங்கூர்க் காவற்படையின் தலைவராக இருந்த சையர்ஸ் என்னும் ஆங்கிலேயர் அவருக்குத் துணை நின்றார். ஹார்னடே தம் பயணநூலில் இக்குகைகளைப் பற்றி எழுதிய பின்னரே மேலையுலகம் பத்துமலையை அறிந்தது. அடுத்த ஆண்டில் இசபெல்லா பேர்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி கிள்ளானுக்கு வந்து, தாம் கண்டவற்றைப் பின்னர் நூலாக்கினார்.

அந்நாளில் இந்நிலப்பகுதிக்கு வந்த வெளிநாட்டவர் தங்குவதற்கு அதிகாரிகளின் மாளிகைகள் இருந்தன. அவர்கள் விருந்தினராக வந்தனர், விருந்தினராகவே மதிக்கப்பட்டனர். அதே கடல்வழியே வந்த தமிழரின் நிலை முற்றிலும் வேறாக இருந்தது.

கப்பலிலிருந்து இறங்கியோர்

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வந்திறங்கினர். 1901 இல் திறக்கப்பட்ட அத்துறைமுகமே 1972 முதல் போர்ட் கிள்ளான் என வழங்குகிறது. 1926 இல் கட்டப்பெற்று 1970களின் தொடக்கம் வரை இக்கடலில் ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயர் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. மேல்தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்த தொழிலாளியை வரவேற்றது தொற்றுநோய்த் தடுப்பு முகாமே. அங்கிருந்து கங்காணியின் பின்னே தோட்டத்திற்குச் சென்றான். வந்தவனுக்கு வரவேற்பு இல்லை. பேரேட்டில் ஒரு பதிவு மட்டுமே இருந்தது.

நகரத்திற்கு வந்தோரின் நிலை சற்று வேறானது. 1886 இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கிய பின், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் புகைவண்டித் துறையினரின் குடியிருப்பாக வளர்ந்தது. எழுத்தர்களாகவும் நிலைய அலுவலர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் வந்தனர். முதலில் வந்து வேலையில் அமர்ந்தவரின் வீடு, பின்னர் வரும் தம்பிக்கும் மைத்துனருக்கும் ஊராருக்கும் தங்குமிடமாயிற்று. வேலை கிடைக்கும் வரை உண்டு உறங்கி, முதல் சம்பளம் வாங்கியபின் வேறு வீடு பார்த்துச் செல்வதும், பிறகு தாமும் அவ்வாறே பிறரை ஏற்பதும் வழக்கமாயின. 1904 இல் தோன்றிய விவேகானந்த ஆசிரமமும், ஸ்காட் சாலையில் இலங்கைச் சைவர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் அச்சமுதாயத்தின் பொது முற்றங்களாக விளங்கின.

நகரத்தார் சமூகத்தினர் அம்பாங் வீதியில் கிட்டங்கிகளை அமைத்தனர். ஒரே கூடத்தில் பலருடைய பெட்டகங்கள் வரிசையாக இருக்கும். பகலில் அஃது அலுவலகம், இரவில் படுக்கையிடம். பொதுச் சமையலறையில் சமைத்த உணவைப் பந்தியில் அமர்ந்து உண்பர். ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கு அங்கு இலை போடப்பட்டது.

இவை போற்றத்தக்க ஏற்பாடுகளே. எனினும் அவற்றின் எல்லையையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். யாழ்ப்பாணத்தார் வீடு யாழ்ப்பாணத்தாருக்கும், கிட்டங்கி நகரத்தாருக்கும் உரியனவாக இருந்தன. உறவும் ஊரும் சாதியும் அக்கதவுகளின் தாழ்ப்பாள்களாக அமைந்தன. முகமறியாதாரை ஏற்பதே விருந்து எனின், இவை விருந்தோம்பலின் முதற்படி மட்டுமே எனலாம்.

திண்ணையற்ற வீடு

தமிழ்நாட்டுச் சிற்றூரில் எளியவர் வீட்டிலும் திண்ணை உண்டு. வழிப்போக்கன் இளைப்பாறவும், இரவில் தலைசாய்க்கவும் அத்திண்ணை பயன்பட்டது. வீட்டார் அனுமதி வேண்டி எழுப்பப்படுமுன்னரே திண்ணை வந்தவரை ஏற்றுக்கொண்டது. தோட்டத்து லயத்தில் அத்திண்ணைக்கு இடமில்லை. ஒரு நீண்ட கொட்டகையைத் தடுத்து, பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் அறைகள் ஆக்கினர். ஓர் அறை ஒரு குடும்பத்தின் இல்லமாயிற்று. முன்பக்கத்து அஞ்சடியே அடுப்படியாகவும், குழந்தைகள் உறங்குமிடமாகவும், மாலையில் பேசி அமரும் இடமாகவும் பயன்பட்டது.

இடச்சிறுமையை மனம் பொறுத்துக்கொள்ளும். ஒரு பாயை நால்வர் பங்கிட்டுக்கொள்வது தமிழ் ஏழைக்குப் புதிதன்று. பொறுத்துக்கொள்ள இயலாதது வேறொன்று. அவ்வறை தொழிலாளிக்குச் சொந்தமானதன்று. வேலை இருக்கும்வரை கூரை உண்டு. வேலை முடிந்தால் கூரையும் முடிந்தது. தோட்டம் முழுவதும் தனியார் நிலமாகையால், அதற்குள் எவர் வரலாம், எவர் வரக்கூடாது என்பதை நிருவாகமே முடிவு செய்தது. அயலார் நுழைந்தால் அத்துமீறலாகும். சங்கத்தார் வந்துவிடுவரோ, வேறு தோட்டத்துக் கங்காணி ஆள்பிடிக்க வந்துவிடுவானோ என்னும் அச்சம் துரைமார்க்கு இருந்தது. அதன் விளைவாக, அடுத்த தோட்டத்தில் வாழும் அண்ணன் தன் தங்கையைக் காண வருவதும் ஐயத்திற்குரிய செயலாயிற்று. விருந்தினரை வரவேற்கும் வாயிலின் திறவுகோல் வீட்டுக்காரரிடம் இல்லை; அலுவலகத்தில் இருந்தது.

1941: ஒரு கோரிக்கையின் பொருள்

1941 ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதனும் அதற்குத் தலைமை தாங்கினர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, குழந்தைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பு, பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை கோரப்பட்டன. துரையைக் கண்டவுடன் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று.

அப்பட்டியலில் மற்றொரு கோரிக்கையும் இருந்தது. உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குத் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பதே அது. கூலியைப் பற்றி எழுதுவோர் இதனை ஒரு சிறு குறிப்பாகக் கடந்துவிடுவது வழக்கம். ஆழ்ந்து நோக்கினால், தோட்டத் தமிழர் தாம் இழந்தவற்றுள் விருந்தேற்கும் உரிமையையும் ஒன்றாக எண்ணி வருந்தினர் என்பது இதனால் புலனாகிறது. வயிற்றுக்குக் கூலி கேட்டவர்கள், தம் உணவைப் பிறரோடு பகிர்ந்துண்ண உரிமையும் கேட்டனர். இரண்டையும் ஒரே தாளில் எழுதித் தந்தனர் என்பதே அம்மக்களின் பெருமை.

நாதன் கைது செய்யப்பட்டார். தொழிலாளர் கொதித்தெழுந்தனர். மே மாதத்தில் சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர், பலர் சிறைப்பட்டனர், நாதன் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் சப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. கோரிக்கைகள் போரின் புகையில் மறைந்தன.

மலையடிவாரமே இல்லமாயிற்று

தோட்டத்தில் விருந்தேற்க இயலாதவர்கள் தம் விருந்தோம்பல் உணர்வை எங்குச் சென்று ஆற்றிக்கொண்டனர்? விடை பத்துமலையில் இருக்கிறது. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை நிறுவிய குடும்பத்தைச் சேர்ந்த தம்புசாமிப் பிள்ளையவர்களின் முயற்சியால் குகையில் வேல் வழிபாடு தோன்றியது. 1892 முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 1920 இல் மரப்படிகள் அமைந்தன. பின்னர் அவை 272 கற்காரைப் படிகளாயின. நகரக் கோயிலிலிருந்து முருகனின் தேர் புறப்பட்டு இரவெல்லாம் நடந்து மலையை அடையும்.

அந்நாள்களில் தோட்டங்களிலிருந்து மக்கள் லாரிகளிலும் புகைவண்டியிலும் திரண்டு வந்தனர். ஆற்றோரத்தில் மூன்று கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டினர். சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல் எழுந்தது. நீர்மோரும் பானகமும் சோறும் வழங்கப்பட்டன. பந்தலில் நிற்பவர் வருகிறவரின் ஊரையும் இனத்தையும் கேட்பதில்லை. சீனர் காவடி எடுத்து வந்தனர். அவர்க்கும் மோர் தரப்பட்டது. புகைப்படக் கருவியோடு வந்த மேலைநாட்டார்க்கும் இலை போடப்பட்டது. லயத்து அறையில் ஒருவரையும் ஏற்க இயலாத தொழிலாளி, ஆண்டில் ஒரு நாள் உலகத்தையே ஏற்றான். மலையடிவாரம் அவனுக்குத் திண்ணையாயிற்று. தைப்பூசத்தைச் சமய விழாவாக மட்டும் காண்போர் இவ்வுண்மையைக் காணத் தவறுகின்றனர்.

1966 இல் இவ்விருந்தோம்பல் வேறொரு வடிவம் கொண்டது. தனிநாயக அடிகளார் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த காலம் அது. அவ்வாண்டு ஏப்பிரல் 16 முதல் 23 வரை முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார். பல நாட்டு அறிஞர் இங்குக் கூடினர். தமிழகத்தில் இரண்டாம் மாநாடு நடந்தது 1968 இல் என்பதை நினைத்தால், தமிழுலகை ஒருங்கே விருந்தினராக ஏற்ற முதல் மண் மலேசிய மண்ணே என்பது விளங்கும். பின்னர் 1987 இலும் 2015 இலும் அதே நகரம் அம்மாநாட்டை ஏற்று நடத்தியது.

வீடும் விருந்தும் பிரிந்த கதை

நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிப் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. வேலையிழந்தோர் கூரையும் இழந்தனர். துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். அஃது ஒரு பெரும் முயற்சி. எனினும் கிள்ளான் பள்ளத்தாக்கில் நகரம் பெருகிய வேகம் அதனினும் பெரிதாயிற்று. ரப்பர்க் காடுகள் இருந்த இடங்களில் சா ஆலமும் சுபாங்கும் எழுந்தன. தோட்டத்தை விட்டு வந்தோர் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டினர். பின்னர் அங்கிருந்தும் எழுப்பப்பட்டு மலிவு விலை அடுக்குமாடிகளுக்குச் சென்றனர்.

இக்காலத்திலேதான் வெளிநாட்டு விருந்தினரைக் குடும்பத்தோடு தங்கவைக்கும் முறை நாட்டில் வளர்ந்தது. 1970களில் பகாங் மாநிலத்துச் செரத்திங் கடற்கரைச் சிற்றூரில், வழிவந்த பயணிகளுக்கு மலாய்க் குடும்பங்கள் உணவும் படுக்கையும் தந்தன. 1980களின் பிற்பகுதியில் சப்பானிய இளைஞர்கள் பரிமாற்றத் திட்டங்களின்வழி கிராமத்து வீடுகளில் தங்கிச் சென்றனர். 1995 இல் பகாங், தெமர்லோ வட்டாரத்து டேசா முர்னி கிராமத்தில் ‘ஹோம்ஸ்டே’ திட்டத்தை அரசு முறையாகத் தொடங்கியது. விருந்தினர்க்குத் தனி அறை, தூய கழிப்பறை, வீட்டார்க்குப் பயிற்சி, ஒரே கிராமத்தில் பல வீடுகள் சேர்ந்து பங்கேற்றல் என நெறிகள் வகுக்கப்பட்டன. வெற்று வீட்டை வாடகைக்கு விடுவது இத்திட்டத்தில் சேராது. விருந்தினர் வீட்டாரோடு உண்டு, அவர்தம் வேலைகளிலும் விழாக்களிலும் பங்கு கொள்ளுதலே இதன் உயிர். தென்சிலாங்கூரில் சிப்பாங் வட்டாரத்து மூன்று கிராமங்கள் ஒன்றிணைந்து ‘பங்ஹூரிஸ்’ என்னும் பெயரில் இதனைச் சிறப்புற நடத்தின.

அதே 1995 ஆம் ஆண்டு ஆகசுடில், அதே தென்சிலாங்கூரில், பிராங் பெசார் தோட்ட நிலத்தில் புத்ராஜெயா நகரத்தின் கட்டுமானம் தொடங்கியது. அப்பகுதித் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல டெங்கில் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தன. ஓரிடத்தில் கிராமத்தார் தம் வீட்டுக் கதவைத் திறந்து உலகை அழைத்தனர். வேறோரிடத்தில் தமிழர் தம் கதவை இறுதியாகச் சாத்திவிட்டுப் புறப்பட்டனர். இரண்டிற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. சொந்த நிலமும், பல தலைமுறையாக ஒன்றாக வாழும் ஊரும் உள்ளவர்க்கே அத்திட்டம் எளிதாகக் கைகூடியது. தோட்டமக்கள் விருந்தோம்பலில் குறைந்தவரல்லர். அதற்கு வேண்டிய வீடும் ஊரும் அவர்க்கு வாய்க்கவில்லை. கிராமத்து மலாய்க் குடும்பங்கள் இதில் அடைந்த வெற்றி பொறாமைக்குரியதன்று, கற்றுக்கொள்வதற்குரியது.

இனி வேண்டுவது

இன்று பத்துமலைக்கு வெளிநாட்டார் வராத நாளில்லை. 2006 இல் திறக்கப்பெற்ற 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும், 2018 இல் வண்ணம் பெற்ற படிகளும் உலகெங்கும் அறியப்பட்டுவிட்டன. 2010 முதல் கொமுட்டர் தொடர்வண்டி மலையடிவாரம் வரை வருகிறது. அதே ஆண்டில் பிரிக்பீல்ட்ஸில் ‘லிட்டில் இந்தியா’ திறக்கப்பட்டது. பயணிகள் வருகின்றனர், படியேறுகின்றனர், படம் எடுக்கின்றனர், மாலைக்குள் நகரத்து விடுதிக்குத் திரும்புகின்றனர். தமிழரின் குன்றைக் காண்கின்றனர். தமிழரின் இல்லத்தைக் காண்பதில்லை. காலையில் வாசலில் இடும் கோலம், சாமி மேடை விளக்கு, மதிய உணவின் ரசம், பாட்டி சொல்லும் தோட்டத்துக் கதை ஆகியவற்றை எந்தப் படியிலும் எவரும் காண முடியாது.

முன்னோர்க்கு இல்லாத ஒன்று இன்று பல குடும்பங்களுக்கு இருக்கிறது. பத்துமலையைச் சுற்றியும், செந்தூலிலும், கிள்ளானிலும் தமிழர் சொந்த வரிசை வீடுகளில் வாழ்கின்றனர். கடன் தவணையை மாதந்தோறும் செலுத்தி அவ்வீடுகளை உரிமையாக்கிக்கொண்டனர். அவற்றின் திறவுகோல் அலுவலகத்தில் இல்லை. வீட்டுத் தலைவியின் முந்தானை முடிச்சில் இருக்கிறது. ஆனால் முன்வாயிலில் இரட்டைப் பூட்டும் இரும்புக் கம்பியும் வந்துவிட்டன. கதவைத் திறக்க உரிமை இல்லாத காலத்தில் அதற்காகப் போராடினர்; உரிமை வந்த காலத்தில் கதவைத் திறக்க அஞ்சுகின்றனர். அவ்வச்சத்திற்கு நகர வாழ்க்கையில் காரணம் உண்டு என்பதை மறுக்க இயலாது. கிராமத்தார் வகுத்துக்கொண்டது போலப் பல வீடுகள் ஒன்றுசேர்ந்து, முறைப்படி பதிவு பெற்று, ஒருவர்க்கொருவர் துணையாக நின்று விருந்தேற்றால் அவ்வச்சம் குறையும். கோயில்களும் சங்கங்களும் இதற்கு வழிகாட்டலாம்.

இதில் வருவாயும் உண்டு, அது தவறன்று. இல்லத்தரசியின் கைத்திறனுக்கு உரிய ஊதியம் கிடைப்பது முறையே. ஆயினும் அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. வீட்டில் வந்து தங்கிய அயலாரிடம் தன் குடும்ப வரலாற்றைச் சொல்லத் தொடங்கும் தாய், அதே நேரத்தில் அதனைத் தன் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுகிறாள். ‘நாங்கள் எப்படி இங்கு வந்தோம்’ என்று விருந்தினர் கேட்கும் வினாவிற்கு விடையளிக்க முற்படும்போது, ரஜூலா கப்பலும் லயத்து அஞ்சடியும் 1941 ஆம் ஆண்டும் மீண்டும் பேச்சில் வருகின்றன.

கிள்ளான் தோட்டத் தொழிலாளர் அன்று கேட்டது மிகப் பெரியதன்று. தம் வீட்டிற்குத் தம்மவர் வர வேண்டும் என்றே கேட்டனர். அவர்தம் பேரப்பிள்ளைகளின் வாயிலில் ஒரு நாள் முகமறியாத ஒருவர் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, குடும்பத்தோடு பாயில் அமர்ந்து உண்பாரானால், அக்கோரிக்கை அன்று நிறைவேறியதாகக் கொள்ளலாம்.